கீழ்ப்பாக்கம் எப்படி வசைச் சொல் ஆச்சு?

இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுல வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் எடுத்திருக்கோம். மத்தபடி பேசின மாதிரியேதான் இருக்கும்.

சென்னையில கீழ்ப்பாக்கம்னு ஒரு ஏரியா. மெடிக்கல் காலேஜ் இருக்கு, குடிநீர் நிலையம் இருக்கு, வாடகை கேட்டா தலை சுத்துற அளவுக்கு அப்பார்ட்மென்ட்கள் இருக்கு. ஆனா சென்னைப் பக்கமே வராத ஒருத்தர்கிட்ட, திருநெல்வேலியிலயோ தேனியிலயோ, “கீழ்ப்பாக்கம்”னு மட்டும் சொல்லிப் பாருங்க. அவர் சிரிப்பார். “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்றால் என்ன அர்த்தம்னு யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது இல்ல. இலங்கைத் தமிழர்கள்கிட்ட “அங்கொடை”ன்னு சொன்னா அதே சிரிப்பு. மலேசியாவில் “தஞ்சோங் ரம்புத்தான்”. கேரளாவில் குதிரவட்டம், ஊளம்பாற. வட இந்தியாவில் ராஞ்சி, ஆக்ரா. எல்லாமே ஊர்ப் பேர்தான், எல்லா ஊரிலும் ஒரு பழைய மனநல மருத்துவமனை. ஆங்கிலத்திலேயே கூச்சல் குழப்பத்துக்கு ஒரு சொல் இருக்கே, ‘பெட்லம்’, அதுவும் லண்டனில் இருந்த பெத்லெம் மருத்துவமனையின் பேர் தேய்ஞ்சு வந்ததுதான்.

இதய நோய்க்கு ஒரு ஆஸ்பத்திரி பிரபலம்னா அந்த ஊர்ப் பேர் வசை ஆகிறதில்லை. வேலூருக்குப் போறேன்னு சொன்னா “ஐயோ, உடம்புக்கு என்ன?”னுதான் கேட்பாங்க. மனசுக்கு மட்டும் ஏன் இப்படி?

வழக்கமா வர்ற பதில், “மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை”. எனக்கு இந்தப் பதில் மேல ஒரு சந்தேகம். ஏன்னா இந்தப் பதில்ல தப்பு முழுக்க மக்கள் தலையில விழுது. ஒரு சாஃப்ட்வேரை யாருமே சரியா பயன்படுத்தலைன்னா, “யூசர் முட்டாள்”னு டிக்கெட்டை மூடிடலாம். இல்லைன்னா டிசைனைத் திறந்து பார்க்கலாம். இன்னைக்கு நாம டிசைனைத் திறக்கப் போறோம். இருநூறு வருஷ டிசைன்.

முதல்ல சொல்லுல இருந்து ஆரம்பிக்கலாம். பைத்தியம். இன்னைக்கு இது வசை. ஆனா பிறப்பால் இது ஒரு மருத்துவச் சொல். வாதம், பித்தம், கபம்னு நம்ம வைத்திய முறைகள் சொல்ற மூன்றில், பித்தம் சம்பந்தப்பட்டது பைத்தியம். பித்தம் தலைக்கேறிடுச்சுன்னு சொல்றோம் இல்லையா, அந்தப் பித்தம்தான். எண்ணெய்க் குளியல், தலையில எலுமிச்சம்பழம் தேய்க்கிறது, இதெல்லாம் சினிமா காமெடியாத்தான் நமக்குத் தெரியும். அதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருந்தது: உடம்புல ஒண்ணு கூடிடுச்சு, அதைக் குறைக்கணும். அந்தக் கணக்கு சரியா தப்பாங்கிறது வேற விஷயம். ஆனா அதுல அந்த ஆள் மேல குற்றம் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு சிவனையே பித்தன்னு கூப்பிட்ட மொழி இது.

அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரலை. பேய் ஓட்டுறேன்னு அடிச்சதும் உண்டு, வீட்டுத் தூண்ல கட்டி வெச்சதும் உண்டு. நான் சொல்றது ஒண்ணுதான். பயம், அசிங்கம், போலீஸ், மதில், இது எல்லாம் சேர்ந்த அந்த ‘கீழ்ப்பாக்கம்’ங்கிற உணர்வு, நம்ம தாத்தாவோட தாத்தாவுக்கு இருந்திருக்க வாய்ப்பு கம்மி. அது பின்னாடி கட்டப்பட்டது, செங்கல் வெச்சு.

1794. மெட்ராஸ் ராஜதானி. வாலண்டைன் கோனலி என்ற கம்பெனி சர்ஜன், மனநோயாளிகளுக்காக ஒரு விடுதியைத் திறக்கிறார். அரசு கட்டி நடத்தின மருத்துவமனை இல்ல இது. சர்ஜன் நடத்துவார், ஆள் கணக்குக்குக் கம்பெனி பணம் கொடுக்கும். பிற்பாடு இது டால்டன் என்ற இன்னொரு மருத்துவர் கைக்குப் போனப்போ, டால்டனோட பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னே பேர் விழுந்தது. ஆரம்பத்துல இந்த மாதிரி இடங்கள்ல கம்பெனிக்கு இருந்த முக்கியக் கவலை வைத்தியம் இல்ல. மதி கலங்கிப் போன வெள்ளைக்கார சிப்பாய் தெருவுல திரிஞ்சா ஆட்சி பண்றவனோட மானம் என்ன ஆகிறது? அதுதான் கவலை.

1858-ல சட்டம் வருது. கம்பெனி போய் அரசியாரின் ஆட்சி வந்த அதே வருஷம், இந்தியா முழுக்க மனநோயாளி விடுதிகளுக்கான சட்டம். தெருவில் திரியும் மனநோயாளியைப் பிடிச்சு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துறது போலீஸோட வேலைன்னு அது சொல்லுது. 1871 மே மாசம், கீழ்ப்பாக்கத்துல லோகாக் தோட்டம் என்ற இடத்துல புதுசா கட்டின விடுதிக்கு 145 பேரைக் கொண்டுவந்து சேர்க்கிறாங்க. இன்னைக்கு நாம பார்க்கிற வளாகத்தோட தொடக்கம் அதுதான்.

இப்போ 1912. இந்திய மனநோயாளிகள் சட்டம், ஆங்கிலத்தில் ‘இந்தியன் லூனசி ஆக்ட்’. இதைக் கொஞ்சம் பொறுமையா பார்க்கணும். ஏன்னா அதுக்கப்புறம் எண்பது வருஷம், 1993 வரைக்கும், நம்ம நாட்டுல மனசு சரியில்லாத ஒருத்தரும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் சந்திக்கிற விதத்தை இந்தச் சட்டம்தான் முடிவு பண்ணுச்சு.

ஒரு குடும்பத்தைக் கற்பனை பண்ணிக்குங்க. 1950, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஊர். இருபது வயசுப் பையன், ஒரு மாசமா தூங்கலை, யாரோ பேசுறாங்கன்னு சொல்றான், சாப்பாட்டுல விஷம்னு தட்டைத் தள்ளுறான். அம்மாவுக்கு அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்கணும். என்ன பண்ணணும்? டாக்டர்கிட்ட போனா போதாது. மாஜிஸ்திரேட்கிட்ட மனு போடணும். கூடவே ரெண்டு மருத்துவச் சான்றிதழ். மாஜிஸ்திரேட் பையனைப் பார்த்து, விசாரிச்சு, திருப்தி ஆனா ஒரு ஆணை போடுவார். அந்த ஆணையை வெச்சுத்தான் உள்ளே விடுவாங்க. இது பணம், படிப்பு, ஆள் பலம் இருக்கிறவங்களுக்கான வழி. இல்லாதவங்களுக்கு இன்னொரு வழி இருந்தது. அவன் தெருவில் திரியணும், போலீஸ் பிடிக்கணும். சட்டத்துல பயன்படுத்தின சொல்லே ‘அரெஸ்ட்’தான்.

சரி, அந்தப் பையனே “எனக்கு என்னமோ ஆகுது, என்னைச் சேர்த்துக்குங்க”ன்னு வந்து நின்னா? அதுக்கும் ஒரு பிரிவு இருந்தது. ஆனா பார்வையாளர் குழுவுல ரெண்டு பேர் சம்மதிக்கணும். யார் அந்தப் பார்வையாளர்கள்? அரசு நியமிக்கிற ஆட்கள். அந்தக் குழுவில் பதவி வழியாவே இடம்பெறுகிற ஒருத்தர், சிறைத்துறைத் தலைவர். ஆமா, ஜெயில்களோட ஐ.ஜி. சட்டத்திலேயே எழுதியிருக்கு.

வெளியே வர்றது இன்னொரு கதை. பார்வையாளர்கள் கூடி உத்தரவு போடணும், இல்லைன்னா உறவினர் யாராவது “நான் பார்த்துக்கிறேன், யாருக்கும் தீங்கு வராது”ன்னு பாண்டு எழுதிக் கொடுக்கணும். ஜாமீன் மாதிரியே இருக்கா? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

இப்போ அந்த ஊர்க்காரங்க இடத்துல இருந்து யோசிங்க. யாருக்கும் சட்டப் புத்தகம் தெரியாது. அவங்க கண்ணால பார்த்தது: போலீஸ் வந்தது, கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, மதிலுக்குள்ள விட்டாங்க, வருஷக்கணக்கா திரும்பி வரலை. இதை அவங்க ஜெயில்னு புரிஞ்சுக்கிட்டா, அது அறியாமையா? என்னைக் கேட்டா, சட்டத்தைப் படிக்காமலேயே மிகச் சரியா படிச்சவங்க அவங்கதான்.

நடுவுல ஒரு பேர் மாற்றம் நடந்துச்சு. 1920-களில் நாடு முழுக்க ‘லூனடிக் அசைலம்’ என்ற பேரை எடுத்துட்டு ‘மென்டல் ஹாஸ்பிடல்’னு போர்டு மாட்டினாங்க. மெட்ராஸில் அது 1922. நல்ல நோக்கம்தான். ஆனா என் தொழில்ல இதுக்கு ஒரு அனுபவம் உண்டு. ஃபங்ஷனோட பேரை மட்டும் மாத்திட்டு உள்ளே இருக்கிற கோடைத் தொடாம விட்டா, கொஞ்ச நாள்ல புதுப் பேருக்கும் பழைய கெட்ட பேரே வந்துடும். அதே நடந்தது. ‘மென்டல்’ங்கிறது வைத்தியச் சொல்லா வந்து, ஒரு தலைமுறைக்குள்ள பள்ளிக்கூட மைதானத்துல கத்துற வசையா மாறிடுச்சு. அப்புறம் ‘சைக்கோ’. இப்போ ‘டிப்ரெஷன்’, ‘பைபோலார்’ எல்லாம் அந்தப் பாதையிலதான் போய்க்கிட்டு இருக்கு.

சுதந்திரத்துக்குச் சற்று முன்னாடி, 1946-ல, போர் கமிட்டி அறிக்கை வருது. நாட்டோட மொத்த சுகாதார நிலைமையையும் அலசின அறிக்கை. இதுக்காக ராஞ்சியில் இருந்த மூர் டெய்லர் என்ற மருத்துவர் மனநல மருத்துவமனைகளைச் சுத்திப் பார்த்து எழுதினார். அவர் கணக்குப்படி பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது 19 மருத்துவமனை, 10,181 படுக்கை. நாட்டோட மக்கள்தொகை அப்போ ஏறக்குறைய 40 கோடி. அந்த 19-ல பெரும்பாலானவை காவல் வைக்கிற இடங்களாத்தான் இருக்கு, வைத்தியம் பார்க்கிற இடங்களா இல்லைன்னு சொன்னதும் வெளியாள் யாரும் இல்ல, அந்தத் துறையிலேயே இருந்த அவர்தான்.

ஆஸ்பத்திரி மட்டும் இல்ல, கல்யாணமும் இந்தக் கதையில் வருது. 1955 இந்து திருமணச் சட்டம், மனநோயை விவாகரத்துக்குக் காரணமா ஏத்துக்கிட்டது. பின்னாடி திருமணத்துக்கான தகுதியிலேயே மனநோயும், திரும்பத் திரும்ப வர்ற வலிப்பும் இருக்கக் கூடாதுன்னு எழுதினாங்க. வலிப்பு! அது நரம்பு சம்பந்தப்பட்ட நோய், மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்படும். அதை அந்தப் பட்டியல்ல இருந்து எடுக்க 1999 ஆச்சு. “ஊர்ல சொல்லாதே, உன் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணும்”னு சொல்ற அம்மாவை நாம சுலபமா குறை சொல்லிடுறோம். அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு என்பது கோர்ட்டுல காட்டக்கூடிய ஆதாரம். அவங்க போட்ட கணக்கு கல்நெஞ்சுக் கணக்கா இருக்கலாம், தப்புக் கணக்கு இல்ல.

இதுக்கு நடுவுல டிசைனையே வேற மாதிரி யோசிச்ச ஆட்களும் இருந்தாங்க. 1950-களில் அம்ரித்சர் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர்னு ஒரு டாக்டர். இடம் பத்தலை, ஆள் பத்தலை. அவர் என்ன பண்ணார்னா, நோயாளியோட குடும்பத்தையும் வரச் சொல்லி, ஆஸ்பத்திரி வளாகத்துல கூடாரம் போட்டுத் தங்க வெச்சார். அம்மா சமைக்கிறாங்க, பக்கத்துல பையன் இருக்கான், டாக்டர் வந்து எல்லாரோடவும் பேசுறார். நோய் எப்படி வருது, எப்படித் தணியுதுன்னு குடும்பம் நேர்ல பார்க்குது. பக்கத்துக் கூடாரத்துக்காரங்களைப் பார்த்து “நமக்கு மட்டும் இல்லைபோல”ன்னு தெரிஞ்சுக்குது. அதே காலத்துல, 1957-ல, வேலூர் சி.எம்.சி.யில் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் தொடங்கின மனநலப் பிரிவிலும் குடும்பம் கூடவே தங்குற ஏற்பாடு வந்தது. மேல்நாட்டு மருத்துவமனைகள்ல குடும்பத்தை வாசலோட நிறுத்தின காலம் அது. இந்தியா உலகத்துக்கு முன்னாடி ஓடின சில இடங்கள்ல இதுவும் ஒண்ணு, ஆனா நம்ம பாடப் புத்தகம் எதிலும் இது கிடையாது.

கீழ்ப்பாக்கத்துக்கும் மாற்றம் வந்தது. 1961-ல சாரதா மேனன் அங்கே கண்காணிப்பாளர் பொறுப்புக்கு வர்றார். இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர்னு பரவலா அறியப்படுறவர். 1978 வரைக்கும் அந்தப் பொறுப்பு. அந்த நேரத்துல மருந்துகளும் வந்துடுச்சு. 1952-ல பாரிஸில் மனநோய்க்குப் பயன்படுத்த ஆரம்பிச்ச குளோர்ப்ரோமசின், கொஞ்ச வருஷத்துல இங்கேயும் கிடைச்சது. மருந்து வந்ததோட பெரிய விளைவு என்னன்னா, ஒருத்தரை மதிலுக்குள்ள வைக்காமலே வைத்தியம் பார்க்கலாம். சாரதா மேனன் வெளிநோயாளிப் பிரிவையும், புனர்வாழ்வையும், மாவட்ட ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவையும் பிடிவாதமா வளர்த்தார். ஓய்வுக்குப் பிறகும் விடலை. 1984-ல ஸ்கார்ஃப் என்ற ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 2021 டிசம்பர்ல, 98 வயசுல காலமானார்.

ஓ.பி. சீட்டு என்ற சின்னக் காகிதம் எவ்வளவு பெரிய விஷயம்னு இங்கே கவனிங்க. காலையில வந்து, சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரையோட சாயங்காலம் பஸ் ஏறலாம். மாஜிஸ்திரேட் கிடையாது. ஆனா இந்த வசதி போய்ச் சேர்ந்த ஊர்களை எண்ணிடலாம். அப்போ மத்த ஊர்க்காரங்க எங்கே போனாங்க?

அவங்களுக்கு இன்னொரு கதவு எப்பவுமே திறந்திருந்தது. திருச்சி பக்கத்துல, காவிரிக் கரையில் குணசீலம் பெருமாள் கோயில். அங்கே ஒரு மண்டலம், 48 நாள் தங்கினா மனசு தெளியும்னு நம்பிக்கை. ராமநாதபுரம் மாவட்டத்துல ஏர்வாடி தர்கா. முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர்னு எல்லாரும் வருவாங்க. தர்கா தீர்த்தம், விளக்கு எண்ணெய், அப்புறம் கனவுல “வீட்டுக்குப் போகலாம்”னு உத்தரவு வர்ற வரைக்கும் காத்திருக்கிறது.

நான் பகுத்தறிவுப் பக்கம் சாய்ஞ்ச ஆள். கனவுல உத்தரவு வர்றதை நம்புறது எனக்குக் கஷ்டம். ஆனா ரெண்டு கதவையும் பயன்படுத்துறவங்க கண்ணால பாருங்க. கீழ்ப்பாக்கம்: மனு, சான்றிதழ், போலீஸ், கோர்ட், தொலைதூரம், ஊர்ப் பேச்சு, கல்யாணம் நின்னு போகும். தர்கா: பஸ்ஸுல போய் இறங்கினா போதும். அம்மா கூடவே தங்கலாம். யாரும் பேர் வைக்க மாட்டாங்க. “செய்வினை வெச்சுட்டாங்க”ன்னு சொன்னா, அது வெளியில இருந்து வந்த தீங்கு. பையன் மேல குற்றம் இல்லை, ரத்தத்துல ஓடுறதும் இல்லை, தங்கச்சி கல்யாணத்துக்கும் தடை இல்லை. எந்தக் கதவை நீங்க தட்டுவீங்க?

2002-ல ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில், நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் மத்தவங்களும் ஒரு ஆய்வை எழுதினாங்க. தமிழ்நாட்டுல ஒரு சின்னக் கோயில். மனநோயோட வந்து தங்கின 31 பேரை, வந்தப்போவும் கிளம்பினப்போவும் அளந்து பார்த்தாங்க. தங்கினது சராசரியா அஞ்சாறு வாரம். நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைஞ்சிருந்தது. அங்கே பேயோட்டுறதோ பெரிய சடங்கோ இல்ல. தங்கினாங்க, கோயில்ல சின்னச் சின்ன வேலை செய்தாங்க, குடும்பம் பக்கத்துல இருந்தது, யாரும் துரத்தலை. உடனே “பார்த்தீங்களா, கோயிலே மருந்து”ன்னு ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. 31 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, சில மனநோய்கள் தானாவே ஏறி இறங்கும். ஆனா அந்த டாக்டர்கள் கவனிச்சது முக்கியம். வித்யா சாகர் கூடாரத்துல பண்ணினதும் இந்தக் கோயில்ல நடந்ததும் பாதிக்கு மேல ஒரே விஷயம்: பாதுகாப்பா இருக்க ஒரு இடம், பக்கத்துல சொந்தம்.

ஆனா அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன நடந்துச்சுன்னும் சொல்லணும்.

ஏர்வாடியில் கூட்டம் பெருகப் பெருக, தர்காவைச் சுத்தித் தனியார் ஆட்கள் விடுதி நடத்த ஆரம்பிச்சாங்க. பல மாசம் தங்க வேண்டியிருக்கும், குடும்பத்தால வேலையை விட்டுட்டு உட்கார முடியாது. அதனால மாசப் பணம் கொடுத்து விட்டுட்டுப் போனாங்க. பல குடும்பம் திரும்பி வரவே இல்லை. விடுதின்னா கீற்றுக் கொட்டகை. பத்து பேர் வேலையை ஒரு சங்கிலி செஞ்சுடும், சம்பளமும் கேட்காது. அதனால சங்கிலி.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஒரு விடுதியோட கொட்டகையில் தீப்பிடிச்சது. உள்ளே இருந்தவங்க சங்கிலியில் கட்டப்பட்டிருந்தாங்க. 28 பேர் இறந்துபோனாங்க.

இதுல எனக்கு ஜீரணிக்க முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தச் சங்கிலி ரகசியம் இல்ல. ஏர்வாடிக்குப் போன ஒவ்வொருத்தரும் பார்த்ததுதான். அதுக்கு ரெண்டு வருஷம்கூட ஆகலை, 1999 டிசம்பர்ல ‘சேது’ வந்தது. அந்தப் படத்துல தலையில அடிபட்ட நாயகனை ஒரு மடத்துல கொண்டுபோய் விடுவாங்க. மொட்டைத் தலையும் சங்கிலியுமா மனுஷங்க. தமிழ்நாடே தியேட்டர்ல அழுதது, ஆனா காதல் தோத்துப் போச்சேன்னு அழுதது. சங்கிலி பின்னணிக் காட்சியாத்தான் நமக்குத் தெரிஞ்சது. ‘இப்படி ஒரு இடம் இருக்கு, இது சட்டப்படி நடக்கலாமா’ன்னு யாரும் கேட்கலை. படத்தைக் குறை சொல்லலை. அது காட்டினது நிஜத்தைத்தான். பார்த்த நமக்குத்தான் அது இயல்பா இருந்தது.

தீக்குப் பிறகு எல்லாம் வேகமா நடந்தது. ஒரே வாரத்துல அந்த மாதிரி விடுதிகள் எல்லாத்தையும் மூடினாங்க. 500-க்கும் மேற்பட்டவங்க அரசுப் பொறுப்புக்கு வந்தாங்க. ஒரு பகுதியினரைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தாங்க. உச்ச நீதிமன்றம் தானாவே வழக்கை எடுத்து, ஒவ்வொரு மாநிலத்துலயும் குறைஞ்சது ஒரு அரசு மனநல மருத்துவமனை இருக்கணும், எவ்வளவு தேவைன்னு கணக்கெடுங்கன்னு உத்தரவு போட்டது. தமிழ்நாட்டுல விசாரணைக் கமிஷன் அமைஞ்சது. விடுதி நடத்தினவங்களுக்கு 2007-ல தண்டனை கிடைச்சது.

ஆனா ஏர்வாடிக்குக் கூட்டம் நின்னுச்சா? நிக்கலை. விடுதியை மூடலாம், அந்த அம்மாவை பஸ் ஏத்தின காரணத்தை எப்படி மூடுவீங்க?

சட்டம் மெதுவா மாறிச்சு. 1987-ல எழுதின மனநலச் சட்டம் 1993 ஏப்ரல்ல அமலுக்கு வந்தப்போதான் ‘லூனடிக்’ என்ற சொல் போச்சு. நீங்களே வந்து சேர்றது சுலபமாச்சு. ஆனா மாஜிஸ்திரேட் முழுசா கிளம்பலை. 1996-ல மாவட்ட மனநலத் திட்டத்தை நாட்டுல முதன்முதலா நாலு மாவட்டத்துல தொடங்கினாங்க, அதுல ஒண்ணு நம்ம திருச்சி. குணசீலம் இருக்கிற அதே திருச்சி. அப்புறம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்தது. எந்த வடிவத்துலயும் சங்கிலியால் கட்டக் கூடாதுன்னு நேரடியா எழுதியிருக்கு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்னுதான் கருதணும், தண்டிக்கக் கூடாதுன்னு அதே சட்டம் சொல்லுது. 1860-ல இருந்து அதைக் குற்றமா வெச்சிருந்த 309-ஆவது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. யோசிச்சுப் பாருங்க, நூத்தி அறுபது வருஷமா, மிகக் கஷ்டமான ராத்திரியில் இருக்கிற ஒருத்தர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனா முதல்ல பேசுறது போலீஸ். “வெளியில சொல்லாதீங்க”ன்னு குடும்பம் ஏன் சொல்லுச்சுன்னு இப்போ புரியுதா?

சினிமா பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் சுருக்கமா முடிச்சுடுறேன். 2005-ல ‘சந்திரமுகி’யும் ‘அந்நியன்’னும் ரெண்டு மாச இடைவெளியில் வந்து, ஆளுமைப் பிளவுங்கிற அபூர்வமான ஒரு நிலையைத் தமிழ்நாட்டுல டீக்கடை வரைக்கும் கொண்டுபோச்சு. பேய்னு நினைச்சதுக்கு ஒரு டாக்டர் காரணம் சொல்றார், அது நல்லதுதான். ஆனா பத்துப் பேர்ல ஒருத்தருக்கு வரக்கூடிய பதற்றமும் மனச்சோர்வும் அவ்வளவு நாடகமா இருக்காது. பாட்டும் கிடையாது. நிம்ஹான்ஸ் 2015-16-ல நடத்தின தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள்ல எடுத்தது. சிகிச்சை தேவைப்படுறவங்கள்ல 80 சதவீதத்துக்கும் மேல எந்தச் சிகிச்சையும் பெறலைன்னு அது சொல்லுச்சு. அவங்க யாரும் கண்ணாடி முன்னாடி நின்னு குரல் மாத்திப் பேசுறவங்க இல்ல. பக்கத்து சீட்ல உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்க.

ஐ.டி.யில் இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். அதே 2017 சட்டம், உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரணும்னு சொல்லுது. ஹெச்.ஆர். அனுப்புற ‘வெல்னஸ்’ மெயிலை விடுங்க, உங்க பாலிசி டாக்குமென்டைத் திறந்து விலக்குகள் பட்டியலைப் படிங்க. மனநோய் அங்கே இருந்தா கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. 2022 அக்டோபர்ல இருந்து 14416-னு ஒரு இலவச எண்ணும் இருக்கு, டெலி-மானஸ், தமிழ்லயே பேசலாம். சான்றிதழ் கேட்க மாட்டாங்க.

கடைசியா, ஏர்வாடி இப்போ எப்படி இருக்கு? தர்காவுக்குப் பக்கத்துலயே அரசு மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கிற ஒரு ஏற்பாடு இருக்கு. ‘தவா-துவா’ன்னு பேர், மருந்தும் பிரார்த்தனையும்னு அர்த்தம். பிரார்த்தனையை விடச் சொல்லி யாரும் கேட்கிறதில்லை. தீர்த்தம் வாங்கின கையிலேயே மாத்திரைச் சீட்டும் வாங்கிக்கலாம், அம்மா கூடவே உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்த எபிசோடில் அந்த 1946 போர் கமிட்டி அறிக்கையையே தனியா எடுத்துப் பேசலாம்னு இருக்கேன். ஆரம்ப சுகாதார நிலையம்னு ஒண்ணு நமக்கு எப்படி வந்துச்சுன்னு அதுல இருக்கு.